தலையணை அடியில் ஒரு திருடன்!

தூக்கம் போகிறது! தூக்கத்தோடு மார்க்கும் போகிறது!

ஒரு செல்போனுக்காக ஒரு கல்லூரி மாணவி ஐகோர்ட்டுக்குப் போனாள். வழக்குப் போட்டாள். வெற்றியும் பெற்றாள்!

இது கேரளத்தில் நடந்தது. ஆண்டு 2019.

கோழிக்கோடு மாவட்டத்தில் உள்ள ஒரு கல்லூரியில் அந்தப் பெண் பி.ஏ. ஆங்கிலம் படித்தாள். கல்லூரி விடுதியில் தங்கி இருந்தாள். விடுதியில் ஒரு விதி இருந்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மாணவிகள் செல்போனைத் தொடக்கூடாது.

அந்த ஆண்டு ஜூன் மாதம் விதியில் நேரத்தை மாற்றினார்கள். மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தொடக்கூடாது என்று ஆக்கினார்கள். அது மாணவிகள் உட்கார்ந்து படிக்கும் நேரம். படிக்கிற நேரத்தில் செல்போன் எதற்கு என்பது விடுதியின் கட்சி.

படிப்பதற்கே செல்போன் வேண்டும் என்பது மாணவியின் கட்சி. பாடத்துக்கு வேண்டிய விவரங்களை இன்டர்நெட்டில்தான் தேடி எடுக்க வேண்டி இருக்கிறது என்றாள். விதிக்குக் கட்டுப்பட மறுத்தாள். விடுதியைக் காலி செய்யும்படி அவளுக்கு உத்தரவு வந்தது. அதன்பிறகுதான் அவள் ஐகோர்ட்டுப் படி ஏறினாள்.

செப்டம்பர் 19-ந் தேதி நீதிபதி பி.வி.ஆஷா தீர்ப்புக் கூறினார். இன்டர்நெட்டைப் பயன்படுத்தும் உரிமை, கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கியது என்றார். கல்லூரி விடுதியில் இருப்பவர்கள் வயது வந்தவர்கள். எப்போது படிப்பது, எப்படிப் படிப்பது என்று முடிவு செய்யும் திறமை அவர்களுக்கு உண்டு என்றார். மாணவியை மறுபடியும் விடுதியில் சேர்க்கும்படி உத்தரவிட்டார்.

கோர்ட்டில் வழக்கு முடிந்துவிட்டது. வீடுகளில் முடியவில்லை!

"எந்த நேரமும் போன்தானாடா?" என்று தாய் கேட்கிறாள். "பாடம்தாம்மா பார்க்கிறேன்" என்று மகன் சொல்கிறான். இரண்டு பேர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. 2020-ல் கொரோனா வந்து கல்லூரிகளை மூடியபோது, பாடம் செல்போனில்தான் நடந்தது. அதன்பிறகு படிப்பையும் செல்போனையும் பிரிக்க முடியவில்லை.

எது ஆபத்தான நேரம்?

அந்த விடுதியின் முதல் விதி, தூங்கும் நேரத்தில் செல்போனைத் தடுத்தது. இரண்டாவது விதி, படிக்கும் நேரத்தில் தடுத்தது. செல்போனால் அதிகக் கெடுதல் வருவது எந்த நேரத்தில்?

படிக்கும் நேரத்தில் அது கவனத்தைக் கலைக்கும். சந்தேகம் இல்லை. 2017-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் ஏறக்குறைய 800 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். சிலர் செல்போனை மேஜை மேல் வைத்திருந்தார்கள். சிலர் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்திருந்தார்கள். சிலர் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வந்தார்கள். பிறகு எல்லோருக்கும் மூளைக்கு வேலை தரும் கணக்குகளைக் கொடுத்தார்கள். பக்கத்து அறையில் வைத்தவர்களே நன்றாகச் செய்தார்கள். மேஜை மேல் வைத்தவர்கள் பின்தங்கினார்கள். இத்தனைக்கும் போன் மணி அடிக்கவே இல்லை!

ஆனால் பிறகு மற்றவர்கள் நடத்திய சில சோதனைகளில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை. எப்படி இருந்தாலும், பகலில் நடப்பது கண்ணுக்குத் தெரிகிற திருட்டு. தாய் பார்த்துவிடுவாள். தகப்பனார் அதட்டுவார். பிள்ளை மறுபடியும் புத்தகத்தை எடுப்பான்.

இரவில் நடப்பது கண்ணுக்குத் தெரியாத திருட்டு! விளக்கு அணைந்திருக்கும். கதவு சாத்தி இருக்கும். பிள்ளை தூங்குகிறான் என்று வீட்டார் நினைப்பார்கள். போர்வைக்குள்ளே வெளிச்சம் எரிந்துகொண்டிருக்கும்.

45 ஆயிரம் மாணவர்கள்

ஐரோப்பாவின் வடகோடியில் நார்வே என்ற நாடு இருக்கிறது. அங்கே 2022-ல் உயர்கல்வி படிக்கும் மாணவ-மாணவிகளிடம் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. 18 வயது முதல் 28 வயது வரை உள்ள 45 ஆயிரத்து 202 பேரின் பதில்களை ஆராய்ச்சியாளர்கள் அலசினார்கள். முடிவு 2025-ல் வெளிவந்தது.

படுக்கையில் படுத்த பிறகு திரையைப் பார்க்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தூக்கம் 24 நிமிஷம் குறைவாக இருந்தது. தூக்கம் வராமல் தவிக்கும் கோளாறுக்கான வாய்ப்பு 59 சதவீதம் கூடுதலாக இருந்தது.

24 நிமிஷம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் தெரியும். ஒரு வாரத்துக்கு 2 மணி 48 நிமிஷம். 16 வாரம் கொண்ட ஒரு பருவத்துக்கு ஏறக்குறைய 45 மணி நேரம்! அத்தனையும் தூங்கி இருக்க வேண்டிய நேரம்.

இன்னொரு விஷயமும் தெரிந்தது. படுக்கையில் எதைப் பார்த்தார்கள் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. நண்பர்களின் படங்களைப் பார்த்தவர்களுக்கும், வேறு எதையோ பார்த்தவர்களுக்கும் தூக்கம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கெட்டிருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதுதான் முக்கியம்.

கையில் கட்டிய பட்டை

சரி, தூக்கம் குறைந்தால் மார்க் குறையுமா?

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ் பெற்ற கல்வி நிலையம் இருக்கிறது. அங்கே பேராசிரியர் ஜெப்ரி கிராஸ்மேன் ரசாயனப் பாடம் நடத்தி வந்தார். உடற்பயிற்சி செய்கிற மாணவர்கள் நன்றாகப் படிக்கிறார்களா என்று அவருக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

தம் வகுப்பில் 100 மாணவ-மாணவிகளின் மணிக்கட்டில் ஆளுக்கு ஒரு பட்டையைக் கட்டினார். பார்வைக்குக் கைக்கடிகாரம் மாதிரி இருக்கும். எவ்வளவு நடந்தார்கள், எப்போது படுத்தார்கள், எவ்வளவு தூங்கினார்கள் என்று அது குறித்துக்கொள்ளும். ஒரு பருவம் முழுவதும் கணக்கு எடுத்தார்கள். கடைசி வரை நின்றவர்கள் 88 பேர். அவர்கள் வாங்கிய மார்க்கோடு அந்தக் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

உடற்பயிற்சிக்கும் மார்க்குக்கும் சம்பந்தம் தெரியவில்லை. தூக்கத்துக்கும் மார்க்குக்கும் நெருங்கிய சம்பந்தம் தெரிந்தது! ஒருவன் மார்க்குக்கும் இன்னொருவன் மார்க்குக்கும் இருந்த ஏற்றத்தாழ்வில், நாலில் ஒரு பங்கு தூக்கத்தின் ஏற்றத்தாழ்வோடு ஒத்துப்போயிற்று. அந்த வகுப்பில் பெண்கள்தான் அதிக மார்க் வாங்கினார்கள். அவர்கள்தான் நன்றாகவும் தூங்கினார்கள்!

இந்த ஆராய்ச்சி 2019-ல் வெளிவந்தது. அதில் எல்லா மாணவர்களும் மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

பரீட்சைக்கு முந்தின இரவு நன்றாகத் தூங்கியதால் மார்க் கூடவில்லை! அதற்கு முன்னே பல வாரங்களாக எப்படித் தூங்கினார்கள் என்பதுதான் மார்க்கில் தெரிந்தது. ஒரு நாள் 5 மணி நேரம், ஒரு நாள் 9 மணி நேரம் என்று தூங்கியவர்களும் பின்தங்கினார்கள். பின்னிரவு 2 மணிக்கு மேல் படுத்தவர்கள், 7 மணி நேரம் தூங்கினாலும்கூடப் பின்தங்கினார்கள்.

பருவம் முழுவதும் செல்போனோடு விழித்துவிட்டு, பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் சீக்கிரம் படுத்தால் பலன் இல்லை. ஆண்டு முழுவதும் தண்ணீர் விடாத தென்னைக்குக் காய் பறிக்கும் அன்று ஒரு குடம் ஊற்றுவது மாதிரிதான்!

ஆறு மணி என்ற எல்லை

இன்னொரு ஆராய்ச்சி 2023-ல் வெளிவந்தது. அமெரிக்காவில் 3 பல்கலைக்கழகங்களில் முதலாண்டு படித்த 634 மாணவ-மாணவிகளைக் கவனித்தார்கள். அங்கேயும் கையில் பட்டைதான். அவர்கள் இரவில் தூங்கிய நேரம் சராசரி 6½ மணி. அந்த வயதுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

பருவத் தொடக்கத்தில் குறைவாகத் தூங்கியவர்கள், பருவ முடிவில் குறைந்த மார்க் வாங்கினார்கள். 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களிடம் சரிவு நன்றாகத் தெரிந்தது. அவர்கள் முன்பே மந்தமாகப் படித்தவர்களாக இருக்கலாமே? அதையும் ஆராய்ச்சியாளர்கள் யோசித்தார்கள். முந்தைய மார்க்கைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். அப்போதும் தூக்கத்தின் கணக்குத் தப்பவில்லை.

இரவில் மூளை செய்யும் வேலை

தூக்கம் என்றால் ஓய்வு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உடம்புக்கு ஓய்வுதான். மூளைக்கு அது வேலை நேரம்!

1924-லேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு மாணவர்கள் அர்த்தம் இல்லாத எழுத்துக் கூட்டங்களை மனப்பாடம் செய்தார்கள். சில நாட்கள் மனப்பாடம் செய்ததும் தூங்கினார்கள். சில நாட்கள் விழித்திருந்தார்கள். சில மணி நேரம் கழித்து ஒப்பிக்கச் சொன்னபோது, தூங்கி எழுந்த நாட்களில்தான் அதிகம் நினைவில் இருந்தது.

கடையில் பகல் முழுவதும் வியாபாரம் நடக்கும். கணக்கப்பிள்ளை வரவு செலவைத் துண்டுத் தாள்களில் குறித்து வைப்பார். கடையைச் சாத்திய பிறகு அதையெல்லாம் பேரேட்டில் பதிவார். மூளையும் அப்படித்தான். பகலில் படித்ததை இரவில் பதிகிறது. நள்ளிரவு தாண்டியும் கடை திறந்தே கிடந்தால் கணக்கப்பிள்ளை எப்போது பதிவார்? துண்டுத் தாள் காற்றில் போகும்!

வெளிச்சம் சிறிய திருடன்

பொழுது சாய்ந்ததும் உடம்பில் மெலடோனின் என்ற ஒரு பொருள் சுரக்கிறது. இரவு வந்துவிட்டது என்று உடம்புக்கு அது அறிவிக்கிறது. கண்ணில் வெளிச்சம் பட்டால், அதிலும் நீல வெளிச்சம் பட்டால், அந்தச் சுரப்புக் குறைகிறது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் 12 பேரைத் தங்க வைத்துப் பார்த்தார்கள். தூங்கப் போகும் முன் 4 மணி நேரம் படிக்கச் சொன்னார்கள். 5 இரவுகள் அச்சடித்த புத்தகம். 5 இரவுகள் வெளிச்சத் திரை. திரையில் படித்த இரவுகளில் மெலடோனின் பாதிக்கு மேல் குறைந்தது. உடம்பின் கடிகாரம் 1½ மணி நேரம் பின்தங்கிவிட்டது. மறுநாள் காலையில் தூக்கக் கலக்கம் நீங்க நேரம் பிடித்தது. இது 2015-ல் வெளியான ஆராய்ச்சி.

ஆனால் கண் அயர்வதற்கு அவர்களுக்கு அதிகப்படியாக ஆன நேரம் ஏறக்குறைய 10 நிமிஷம்தான். ஆகவே வெளிச்சம் சிறிய திருடன். பெரிய திருடன் வேறே இருக்கிறான்.

'சுபம்' இல்லாத படம்

பழைய சினிமாவில் கதை முடிந்ததும் திரையில் 'சுபம்' என்று வரும். எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு. கதைப் புத்தகத்துக்கு முடிவு உண்டு.

செல்போனில் வரும் படங்களுக்கு 'சுபம்' கிடையாது!

2006-ல் ஆசா ரஸ்கின் என்ற அமெரிக்க நிபுணர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். பக்கத்தின் அடிக்கு வந்ததும் அடுத்த பக்கம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். இதனால் மக்களின் நேரம் வீணாகிறதே என்று பிற்காலத்தில் அவரே வருத்தப்பட்டார். 2020-ல் 'ரீல்ஸ்', 'ஷார்ட்ஸ்' என்ற குட்டிப் படங்கள் இந்தியாவுக்கு வந்தன. தொடக்கத்தில் ஒரு படம் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓடியதில்லை. "இன்னும் ஒன்றே ஒன்று" என்று நினைத்தவன் நிமிர்ந்து பார்த்தால் மணி 2!

இது முழுவதும் பிள்ளைகளின் குற்றம் அல்ல. பார்ப்பவர் எத்தனை நேரம் பார்க்கிறாரோ அத்தனை விளம்பரம் காட்டலாம். அத்தனையும் கம்பெனிகளுக்குக் காசு. கண்ணை எடுக்காமல் வைத்திருப்பது எப்படி என்று பெரிய மூளைக்காரர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு யோசிக்கிறார்கள். எதிரே நிற்பவன் 19 வயதுப் பையன்!

இருபது வயதின் கடிகாரம்

அந்தப் பையனின் உடம்பும் அவனுக்கு உதவி செய்வது இல்லை.

ஒவ்வொருவர் உடம்பிலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. சிறுவயதில் அந்தக் கடிகாரம் சீக்கிரம் தூங்கச் சொல்லும். வயது ஏற ஏறத் தூக்க நேரம் தள்ளிப்போகும். ஏறக்குறைய 20 வயதில் மிகவும் தள்ளிப்போகும். பிறகு மெதுவாகத் திரும்பி வரும். ஐரோப்பிய விஞ்ஞானிகள் இதை 2004-ல் எழுதினார்கள்.

ஆகவே "10 மணிக்குத் தூக்கம் வரவில்லை" என்று பிள்ளை சொன்னால், அது முழுப் பொய் அல்ல. தூக்கம் வர 11, 11½ ஆகலாம். அந்த ஒரு மணி நேர இடைவெளியில்தான் செல்போன் உள்ளே நுழைகிறது. 11½ மணிக்கு வர வேண்டிய தூக்கத்தை 2 மணிக்கு விரட்டுகிறது. காலையில் கல்லூரி மணி மட்டும் நேரத்தோடு அடித்துவிடுகிறது!

ஊரும் இதற்கு ஒத்துழைக்கிறது. தினசரி அளவு வைத்த டேட்டா இரவு 12 மணிக்குப் புதிதாகக் கணக்கில் ஏறுகிறது. 2021-ல் ஒரு செல்போன் கம்பெனி, நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று சலுகை கொடுத்தது. பாடக் கட்டுரையை இரவு 11 மணி 59 நிமிஷத்துக்குள் அனுப்பு என்று கெடு வைக்கும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள்.

முதலில் காரணத்தைக் கேளுங்கள்

இங்கே ஓர் எச்சரிக்கை.

செல்போன் பார்ப்பதால் தூக்கம் கெடுகிறதா? தூக்கம் வராததால் செல்போன் பார்க்கிறார்களா? இரண்டும் உண்டு. நார்வே கணக்கெடுப்பை நடத்தியவர்களும் இதை ஒப்புக்கொள்கிறார்கள்.

வெளியூர் விடுதியில் பேச ஆள் இல்லாத பையன் இருப்பான். ஆங்கிலத்தில் நடத்தும் பாடம் புரியாமல் தவிக்கும் பெண் இருப்பாள். குடும்பம் வாங்கிய படிப்புக் கடனை நினைத்துப் புரண்டு படுப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் செல்போன்தான் துணை. அதைப் பிடுங்கினால் கவலை போய்விடாது. துணை மட்டும் போய்விடும். பிள்ளை இரவில் விழித்திருக்கிறான் என்று தெரிந்தால், முதலில் திட்ட வேண்டாம். "என்னப்பா கவலை?" என்று கேட்பதே நல்லது.

செல்போன் பழக்கம் என்று தனியாக ஒரு நோய் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இல்லை. ஆனால் விளையாட்டை நிறுத்தவே முடியாமல் வாழ்க்கை கெடுகிற நிலையை 2019-ல் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். பெங்களூரில் உள்ள நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரி 2014-லேயே இதற்காகத் தனிப் பிரிவு தொடங்கியது. மனக் கவலை எதுவானாலும் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்து ஆலோசனை கேட்கலாம். இது மத்திய அரசு 2022-ல் தொடங்கிய இலவச சேவை.

என்ன செய்யலாம்?

செலவில்லாத வழிகள் இருக்கின்றன.

முதல் வழி: செல்போன் படுக்கும் அறையில் தூங்கக்கூடாது! கூடத்திலோ சமையல் அறை அலமாரியிலோ சார்ஜ் போட்டு வைக்கலாம். "அலாரம் வைக்க வேண்டுமே" என்பார்கள். ஓர் அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுத்தால் அந்தச் சாக்கும் போய்விடும்.

இரண்டாவது: தினமும் ஒரே நேரத்தில் படுக்க வேண்டும். ஒரே நேரத்தில் எழுந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. 10 மணிக்குத் தூக்கம் வராதவன் 11 மணி என்று வைத்துக்கொள்ளட்டும். நாளுக்கு நாள் மாறாமல் இருந்தால் போதும்.

மூன்றாவது: படுக்கையில் பாடம் படிப்பதை நிறுத்த வேண்டும். மேஜையில் படிப்பு, பாயில் தூக்கம்.

நான்காவது: விடுதியில் ஒரே அறையில் இருக்கும் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஒருவர் திரை எரிந்தால் மற்றவர் தூக்கமும் கெடும்.

ஐந்தாவது, பெற்றோருக்கு: அப்பா 12 மணி வரை செல்போன் பார்த்துக்கொண்டு மகனைப் படுக்கச் சொன்னால் நடக்காது. முதல் போன் அப்பாவுடையதாக அலமாரிக்குப் போகட்டும். விடுதியில் இருக்கும் பிள்ளையோடு பேச நினைக்கும் அம்மா 9 மணிக்குள் பேசிவிடலாம்.

பூட்டு யார் கையில்?

கேரள ஐகோர்ட்டு சொன்னது சரிதான். கல்லூரி மாணவன் குழந்தை அல்ல. அவன் கையிலிருந்து செல்போனைப் பறிப்பது வழி ஆகாது. எந்த விடுதி வார்டனும் போர்வைக்குள் புகுந்து பார்க்க முடியாது. வயது வந்தவனுக்கு உரிமை உண்டு என்றால், அதைக் காக்கும் பொறுப்பும் அவனுடையதுதான். வீட்டார் செய்யக்கூடிய பெரிய உதவி, நஷ்டக் கணக்கை அவனுக்குச் சொல்வது. ஓர் இரவுக்கு 24 நிமிஷம். ஒரு பருவத்துக்கு 45 மணி நேரம். இவ்வளவையும் இழந்தது தெரியாமலே, "எவ்வளவு படித்தும் மண்டையில் ஏறவில்லையே" என்று பிள்ளை தன்னையே நொந்துகொள்கிறான்.

மண்டையில் ஏறாததற்கு அவன் முட்டாள் என்று பொருள் அல்ல. பேரேட்டில் பதிய மூளைக்கு இரவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான்!

நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்கள் ஏராளம். கல்லூரிச் சம்பளத்துக்கு ரசீது வருகிறது. போன தூக்கத்துக்கு ரசீது வருவதில்லை. பருவ முடிவில் மார்க் பட்டியல்தான் வருகிறது. அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவே வீட்டில் உள்ள எல்லா செல்போன்களையும் ஓர் அலமாரியில் வைத்து, கதவைச் சாத்திப் பார்க்கலாம்!